நிற்காத கோழி

மங்கலம்பேட்டைக் கடைத்தெருவும் அதற்கப்பால் கடைசி மெக்கானிக் ஷெட்டும் முடிந்து, சாலைக்கு இரண்டு பக்கமும் வயல் தொடங்கியபோது எனக்கு வழக்கம்போல நடை வேகமாகிவிட்டது. ஒரு வேலையை விட்டு வரும்போது நான் உடனே பஸ் ஏறுவதில்லை. கொஞ்ச தூரமாவது நடப்பேன். ஊர் முதுகுக்குப் பின்னால் போன பிறகு கையை நீட்டினால் ஏதாவது ஒரு வண்டி நிற்கும். நிற்காவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை.

விட்டு வந்தது ஒரு புரோட்டா கடை. சண்டை எதுவும் இல்லை. முதலாளியின் மகன் வளைகுடாவில் புரோட்டா போட்டுக்கொண்டிருந்தவன், இனிமேல் போகப்போவதில்லை என்று ஊருக்கு வந்துவிட்டான். ஒரு கல்லுக்கு முன்னால் இரண்டு பேர் நிற்க முடியாது. நான் கிளம்புகிறேன் என்றதும் பாய் தலையசைத்தார். காலை டிபனைச் சாப்பிட வைத்து, நாலு புரோட்டாவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். போயிட்டு வரேன் பாய் என்றேன். "எங்கியாவது ஒரு எடத்துல உக்காரு, அப்புறம் வா" என்றார். விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் போய் சாயங்காலம் சேலம் பக்கம் போகும் ரயிலில் ஏறுவது என்று மட்டும் முடிவு செய்திருந்தேன். சேலத்தில் என்ன என்று கேட்டால் தெரியாது.

பின்னால் வந்த லோடு ஆட்டோ ஒன்று நான் கை காட்டாமலே நின்றது. வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி ஒரே ஒரு கயிற்றால் கட்டியிருந்தார்கள். அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. டிரைவர் தலையை நீட்டி, ஏறி அந்தச் சேரைப் புடிச்சிக்கிட்டு வரீங்களா, டவுனு வரைக்கும் விட்டுடறேன் என்றார். நாற்காலிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விருத்தாசலம் வந்து சேர்ந்தேன்.

நாற்காலிகள் போய்ச் சேர வேண்டிய இடம் பீங்கான் பட்டறைகள் இருக்கும் பக்கத்தில் ஒரு தொழிற்பயிற்சி மையம். வாசலில் சேறு ஆகாமல் இருக்க உடைந்த பியூஸ் கட்டைகளையும் பீங்கான் சில்லுகளையும் கொட்டியிருந்தார்கள். நடந்தால் காலடியில் கலகலவென்று சத்தம் வந்தது. இறக்கி வைத்துவிட்டுத் திரும்பும்போது மையத்தின் பொறுப்பாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டீ போட வர வேண்டிய ஆள் வரவில்லை. டீ போடுவீங்களா என்று கேட்டார். ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. போடுவேன் என்றேன்.

பால் காய்வதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. ஒரு டிரஸ்ட், சுற்று வட்டாரத்து ஊர்களில் இதுபோல மையங்கள் நடத்துகிறது. ஓர் ஊரில் வெல்டிங், ஓர் ஊரில் தையல், இங்கே பீங்கான். பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் வந்து படிக்கலாம். அங்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்களையும் டீச்சர்களையும் ஒன்றாகக் கூட்டி, அவர்களுக்கே ஒரு பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அன்று கடைசி நாள். ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் தொழிலில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மற்றவர்கள் மாணவர்களாக உட்கார வேண்டும். நடத்துவதற்கு சென்னையிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். சின்ன வயசு. கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்பாஞ்சு பந்து வைத்திருந்தார். அதை யார் மேல் போடுகிறாரோ அவர் எழுந்து பேச வேண்டும்.

நான் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது பொறுப்பாளர் அந்தச் சாரைச் சமையல் மறைவுக்குக் கூட்டிவந்து பேசினார். டீ போடுகிறவனுக்குக் காது இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. பீங்கான் வகுப்பை மூடிவிடலாம் என்று மேலே சொல்கிறார்களாம். போன பரீட்சையில் முக்கால்வாசிப் பேர் செய்முறையில் தேறவில்லை. அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். அந்த ஷெட்டில் செல்போன் ரிப்பேர் சொல்லிக்கொடுத்தால் கூட்டம் வரும். நாளைக்குப் புது பேட்ச் சேருகிறது. அதை எடுப்பதா வேண்டாமா என்று இன்றைக்கு டீச்சர் நடத்துவதைப் பார்த்துவிட்டுப் பொறுப்பாளர் மேலே சொல்ல வேண்டும். "அந்தம்மா நல்லாத்தான் சொல்லிக்குடுக்குறாங்க சார். பசங்களுக்குத்தான் ஏற மாட்டேங்குது" என்றார் பொறுப்பாளர். குரலில் வருத்தம் இருந்தது.

பீங்கான் டீச்சருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். மண்பாண்டம் செய்கிற குடும்பம். அப்பா காலத்திலேயே பொம்மை யூனிட்டுக்கு மாறிவிட்டார்கள். பீங்கான் டிப்ளமோ படித்து, ஒரு யூனிட்டில் வேலை பார்த்துவிட்டு, சொல்லிக்கொடுப்பது பிடித்துப்போய் இங்கே வந்தவர். வகுப்பை மூடினால் திரும்ப யூனிட்டுக்குப் போகலாம், சம்பளம்கூட அங்கே குறைவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். ஆனால் போகப் பிடிக்கவில்லை. அன்று காலையில் டீ டம்ளரை வாங்கியவர் குடிக்காமலே கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஆறிப்போனதை நானே வாங்கி வேறு கொடுத்தேன்.

முதலில் திட்டக்குடியிலிருந்து வந்த வெல்டிங் சார் நடத்தினார். ஐம்பதைத் தாண்டியவர், பேச்சுக்காரர். அடுத்து தையல் டீச்சர். அப்புறம் பீங்கான்.

டீச்சர் ஒரு கோழி பொம்மை எடுத்திருந்தார். அடைகாக்கிற கோழி. வெள்ளை பிளாஸ்டர் அச்சு இரண்டு பாதி. இரண்டையும் சேர்த்து டயர் டியூப் ரப்பரால் கட்டி, தலைகீழாக நிறுத்தி, கோழியின் அடிப்பக்கம் இருக்கும் துளை வழியாக ஸ்லிப் என்கிற களிமண் கரைசலை ஒரு பிளாஸ்டிக் மக்கால் ஊற்ற வேண்டும். அச்சு தண்ணீரை உறிஞ்சும். ஓரத்தில் மண் தோசைக் கனத்துக்குப் படியும். அப்போது கவிழ்த்து மிச்சக் கரைசலை வெளியே விட்டுவிட வேண்டும். கொஞ்சம் இறுகிய பிறகு அச்சைப் பிரித்தால் உள்ளே வெறுமையான கோழி இருக்கும். டீச்சர் இதை அழகாகச் சொன்னார். கரைசல் மோர் மாதிரி இருக்கக் கூடாது, தோசை மாவு மாதிரியும் கூடாது, பாயசம் மாதிரி இருக்கணும் என்றார். இறுகும்வரை எல்லோரையும் உட்கார வைக்க நேரமில்லை என்பதால் காலையிலேயே ஊற்றி வைத்திருந்த வேறொரு அச்சைப் பிரித்துக் காட்டினார். கோழி கொண்டை முதல் வால்வரை ஒரு கீறல் இல்லாமல் வந்து மேஜைமேல் உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன். டீச்சர் மட்டும் அந்தக் கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சாம்பார் ஊற்றுவதும் என் தலையில் விழுந்தது. அதற்கு முன் சென்னை சார் பந்தை ஒவ்வொருவர் மேலும் போட்டு, உங்களுக்கு இன்னும் என்ன பயிற்சி தேவை என்று கேட்டிருந்தார். எல்லோரும் எழுந்து, எல்லாம் நல்லா இருந்தது சார் என்று சொல்லிப் பந்தைத் திருப்பிப் போட்டார்கள். இலை போட்டதும் வேறு பேச்சு வந்தது.

வெல்டிங் சார் இதுவரை போன பயிற்சிகளுக்குக் கணக்கே இல்லையாம். எந்தப் பயிற்சியிலும் முதல் ஒரு மணி நேரம் பந்து. பந்தின் நிறம்தான் மாறும். எப்படி நிற்பது, எப்படிப் பையன்கள் கண்ணைப் பார்ப்பது என்று சொல்கிறார்கள். வெல்டிங்கில் கண்ணைப் பார்த்தால் கண் போய்விடும் என்று அவர் சொன்னபோது தையல் டீச்சருக்குப் புரையேறியது. அவர் மையத்தில் இருப்பது பழைய டிரான்ஸ்பார்மர் செட். கம்பெனிகளில் இப்போது வேறு மெஷின், கேஸ் வைத்து அடிப்பது. அவரிடம் படித்த பையன்கள் வேலைக்குப் போய் அங்கிருந்து போன் செய்து, இதை எப்படி செட் பண்ணுவது என்று கேட்கிறார்கள்.

"நீங்க என்ன சார் சொல்லுவீங்க?" என்று தையல் டீச்சர் கேட்டார்.

"ஹலோ ஹலோன்னு நாலு தடவ சொல்லிட்டு, டவர் இல்லப்பான்னு வெச்சிடுவேன். நான் அந்த மெஷின ஒரு தடவ தொட்டதில்ல. அதைத் தொட்டுப் பாக்க எவனாச்சும் ஒரு வாரம் வுட்டா போதும். பந்து நானே வாங்கித் தரேன்."

சிரித்தார்கள். தையல் டீச்சருக்குத் திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் ஒரு மாசம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் அப்படி அனுப்பினாலும் வீட்டில் ஒரு மாசம் யார் விடுவார்கள் என்று அவரே சொல்லிவிட்டு ரசம் கேட்டார். சென்னை சார் இலையை மடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னையும் இப்படித்தான் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள், அங்கே தானும் பந்து பிடித்தவன்தான் என்றார். அவர் மேல் எனக்கு அப்போதுதான் பிரியம் வந்தது. அவருக்கு இன்னொரு கரண்டி கூட்டு வைத்தேன்.

பீங்கான் டீச்சர் அதுவரை பேசவில்லை. உனக்கு என்னம்மா வேணும் என்று வெல்டிங் சார் கேட்டதும் மெதுவாகச் சொன்னார்.

"எனக்குக் கைதட்டாத ஆளு ஒருத்தர் வேணும் சார். நான் சொல்றத வெச்சி செஞ்சி பாக்கணும்."

"நாங்க இத்தினி பேரு இருக்கமே?"

"நீங்க தலையாட்டுவீங்க."

"அது வாஸ்தவம்தான்" என்றார் அவர். "வாத்தியாருக்குப் புரியலன்னாலும் தல ஆடும். அது ஒரு வியாதி. ஒண்ணு செய். டீ மாஸ்டரப் புடி. ஏன் மாஸ்டரு, மண்ணு வேல ஏதாச்சும் தெரியுமா?"

ஹோட்டல், போர்வெல் லாரி, கோழிப் பண்ணை, செங்கல் லோடு எல்லாம் போயிருக்கிறேன், இது ஒன்றுதான் பாக்கி என்றேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதையும் சொன்னேன். நல்லதாப் போச்சு என்றார்.

பொறுப்பாளர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். செய்வதென்றால் பரீட்சை மாதிரியே செய்யட்டும், டீச்சர் பக்கத்தில் நிற்கக் கூடாது என்றார். பரீட்சையன்று அப்படித்தானாம்; டீச்சர் வாசலுக்கு வெளியே உட்கார வேண்டும். அவர் இதைக் கெடுதலாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அது விளையாட்டாக இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. டீச்சர் ஒரு நிமிஷம் யோசித்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். காலையில் வந்த கோழி நல்ல கோழி, அதுவே போதுமாயிருந்திருக்கும். "வாங்கண்ணே" என்று என்னைக் கூப்பிட்டார்.

காலையில் சொன்ன எல்லாவற்றையும் எனக்காக மறுபடி சொன்னார். நடுவில் ஓர் அச்சில் ஊற்றியும் காட்டினார். நான் அவர் முகத்தைப் பார்த்துக் கவனமாகக் கேட்டேன். யாரும் எனக்கு இவ்வளவு பொறுமையாக ஒரு வேலையைச் சொல்லிக்கொடுத்ததில்லை. போன இடங்களிலெல்லாம் பக்கத்தில் இருப்பவன் கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். தப்பாகச் செய்தால் திட்டு விழும், திட்டு நின்றால் வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே ஒருவர் பாயசம் என்கிறார், தோசை என்கிறார். பிறகு டீச்சர் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

நான் அச்சைத் துடைத்தேன். ரப்பர் போட்டுக் கட்டினேன். நுரை எழும்பாமல் கலக்கி, ஒரே சீராக, துளையின் விளிம்புவரை ஊற்றினேன். சொன்ன நேரத்துக்குக் காத்திருந்து கவிழ்த்தேன். இறுகும்வரை எல்லோருக்கும் இன்னொரு டீ போட்டேன். டீச்சரைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் சுற்றி நிற்க அச்சைப் பிரித்தேன். கொண்டை வந்தது, அலகு வந்தது, இறக்கை வந்தது. அடிப்பக்கம் அப்பளம் மாதிரி மெலிந்திருந்தது. மேஜைமேல் வைத்ததும் விளிம்பு உள்ளே மடிந்து, கோழி மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது.

யாரும் கைதட்டவில்லை. "அடகாத்த களைப்பு" என்று வெல்டிங் சார் மெல்லச் சொன்னார். அதற்கும் சிரிப்பு வரவில்லை.

டீச்சர் குனிந்து அந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். போன பரீட்சையிலும் இதே மாதிரிதான், எல்லாக் கோழியும் படுத்தது என்றார். வகுப்பில் ஒன்றுகூடப் படுக்காது. பரீட்சை பயத்தில் அவசரப்படுகிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். "இவரு அவசரப்படலியே" என்றார். பொறுப்பாளர் வெளியே பார்த்தார். டீச்சருடைய முகத்தை அந்த நேரத்தில் பார்க்க எனக்கும் சங்கடமாக இருந்தது. என்னால்தான் ஒரு வகுப்பு மூடப்போகிறது என்று தோன்றியது. ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது சென்னை சார் சொன்னார். இது எந்தப் பயிற்சியிலும் இல்லை, சும்மா தோணுது என்று ஆரம்பித்தார். "மேடம், நீங்க வாயே திறக்காம ஒரு தடவை ஊத்துங்க. உங்க கை என்ன செய்யுதோ அதை அண்ணன் வாயால சொல்லட்டும்."

டீச்சர் புது அச்சு எடுத்தார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் சொல்லத் தொடங்கினேன். பேச்சு நின்றதும் என் கண் தானாகப் பழைய பழக்கத்துக்கு, கைக்குப் போய்விட்டது. ஒருவர் வாய் பேசிக்கொண்டிருக்கும்போது நாம் கையைப் பார்ப்பதில்லை.

"தொடைக்கிறீங்க. ரப்பர் போடறீங்க. ஒரு தட்டு தட்டிப் பாக்குறீங்க. கலக்குறீங்க. ஊத்துறீங்க. விளிம்பு வரைக்கும் வந்துடுச்சு. மக்க கீழ வெக்கல, கையிலயே இருக்குது. எங்களப் பாக்குறீங்க. ஜன்னலப் பாக்குறீங்க. கொஞ்சம் ஊத்துறீங்க."

கை அப்படியே நின்றது.

"எப்ப ஊத்துனேன்?"

"இப்பத்தான் டீச்சர். விளிம்புலேர்ந்து கீழ எறங்குச்சு. நீங்க ரொப்பிட்டீங்க."

"அது ஊத்துறது இல்லண்ணே" என்றார். "அது சும்மா..."

மக்கைப் பார்த்தார், அச்சைப் பார்த்தார். அச்சு தண்ணீரைக் குடிக்கக் குடிக்கக் கரைசல் உள்ளே இறங்கிக்கொண்டேயிருக்கும். இறங்க இறங்க ரொப்பிக்கொண்டே இருந்தால்தான் விளிம்பில் மண் கனமாகப் படியும். அந்த விளிம்புதான் கோழி உட்காரும் இடம். இந்தப் பட்டறைத் தெருக்காரர்களுக்கு அது ஒரு வேலையே இல்லை, மூச்சு விடுவதுபோல. யாரும் யாருக்கும் சொன்னதில்லை. டிப்ளமோவில்கூடச் சொன்னார்களா என்று அவருக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தாலும் கை அதற்கு முன்பே கற்றுக்கொண்டிருந்தது.

பிறகுதான் இன்னொன்றும் அவருக்குப் பிடிபட்டது. வகுப்பு நடக்கும்போது மக் கையில் இல்லாமல் அவர் வரிசைக்குள் நடப்பதேயில்லை. அச்சுகளுக்கு நடுவில் பேசிக்கொண்டே போவார். கை அதன் பாட்டுக்கு ஒவ்வொன்றையும் ரொப்பிக்கொண்டே போகும். பரீட்சையன்று அவரை வெளியே உட்கார வைத்தார்கள்; கோழிகள் படுத்துவிட்டன.

"எல்லா கோழியும் நாந்தான் ஊத்தியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தோம். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் இருந்தது. வெல்டிங் சார் சிரிக்காமல் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் என்னென்னத்த சொல்லாம வுட்டிருக்கனோ" என்றார்.

பொறுப்பாளர் சாய்ந்து கிடந்த கோழியின் விளிம்பைக் குனிந்து பார்த்தார். கடைசியில், நாளைக்குச் சேருகிற பேட்ச்சை எடுக்கலாம் என்று மேலே பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். வெளியே போய் போன் பேசிவிட்டு வந்தார். "இந்த ஒரு பேட்ச்தாம்மா. இதுலயும் படுத்துடுச்சின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." டீச்சர் தலையாட்டினார். சென்னை சார் கிளம்பும்போது மஞ்சள் பந்தை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போனார். மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று தெரியவில்லை. வெல்டிங் சார் அதைப் பேரனுக்கு என்று பையில் போட்டுக்கொண்டார்.

நான் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தபோது டீச்சர் வந்து நின்றார்.

"எங்கண்ணே போறீங்க?"

"சேலம்."

"அங்க யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

ஷெட்டில் உதவிக்கு இருந்த ஆள் ஒரு யூனிட்டுக்குப் போய்விட்டான், மண் கலக்கவும் அச்சைக் காயவைக்கவும் ஓர் ஆள் வேண்டும், சம்பளம் பெரிதாக இருக்காது, ஷெட்டிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றார். நான் எங்கும் நிலைக்காதவன் என்று சொன்னேன். "பரீட்ச வரைக்கும் நில்லுங்க, போதும்" என்றார். அன்று ராத்திரி ஏதோ ஒரு ரயில் பாலத்தைத் தாண்டும் சத்தம் ஷெட்டில் படுத்திருந்தபோது கேட்டது. பாய் கொடுத்த புரோட்டாவில் மிச்சமிருந்ததைத் தின்றுவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் காலை கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் பாதி வகுப்பு இறங்கியது. பெண்கள்தான் அதிகம். சில்லுகளின் மேல் கலகலவென்று நடந்து வந்து, நேற்று நான் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நான் கரைசலைக் கலக்கிச் சல்லடையில் வடித்து வைத்திருந்தேன். டீச்சர் பாயசத்தில் ஆரம்பித்தார். ஊற்றிக் காட்டினார். அச்சு எப்படிக் காய வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது மக் மெல்ல மேலே எழுந்தது. நான் கையைத் தூக்கினேன்.

டீச்சர் பேச்சை நிறுத்தினார். மக்கைப் பார்த்தார். பிறகு அச்சுக்கு உள்ளே எல்லோரையும் எட்டிப் பார்க்கச் சொல்லி, கரைசல் இறங்கியிருப்பதைக் காட்டி, எதற்காக ரொப்ப வேண்டும் என்று முதல் தடவையாக வாயால் சொன்னார். சொல்லி முடித்து, அவர்களை ஊற்றச் சொல்லிவிட்டு, மக்கை என்னிடம் நீட்டினார்.

"நான் கேட்டாலும் குடுக்காதீங்கண்ணே."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைக்குள் நடந்தார். அந்த வகுப்பு முடியும்வரை இரண்டு தடவை திரும்பி வந்து கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. மண் கலக்குவது, சலிப்பது, அச்சு காயவைப்பதோடு, அங்கே நான் சேர்ந்த வேலை அதுதான்.